மண்சட்டியும் மணியக்காரர் சத்திரமும்

மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்து வளர்ந்த எவரும் இந்தக் கதையைக் கேட்டிருப்பர். கை நடுங்கும் முதியவர் ஒருவர் உண்ணும்போது சோற்றைச் சிந்துகிறார். பீங்கான் தட்டைக் கைதவறிப் போட்டு உடைக்கிறார். மகனும் மருமகளும் முகம் சுளித்து அவரைத் திண்ணைக்கு அனுப்பி, மண்சட்டி ஒன்றில் சோறு போடுகின்றனர். ஒருநாள் பேரன் அந்தச் சட்டியைக் கழுவிப் பத்திரமாக எடுத்து வைக்கிறான். எதற்கு என்று தந்தை கேட்க, உங்களுக்கு வயதாகும்போது வேண்டியிருக்குமே என்கிறான் சிறுவன். தந்தை நாணுகிறார், மனம் திருந்துகிறார். மறையுரையும் அத்துடன் நிறைவுறுகிறது.

இது நம் மண்ணுக்கு மட்டும் உரிய கதையன்று. ஜெர்மானியரான கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட நாட்டார் கதைத் தொகுப்பிலேயே இது உண்டு. அங்கே சிறுவன், தன் பெற்றோர் பிற்காலத்தில் உண்பதற்கென மரத்தொட்டி செய்கிறான். ருஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயும் சிறுவர்க்கான தம் பாடநூலில் இதைத் திரும்பச் சொன்னார். நம்மிடம் வந்தபோது அது மண்சட்டி ஆயிற்று. சில ஊர்களில் கொட்டாங்கச்சி ஆயிற்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இத்தனை மொழிகளில் உயிரோடு இருக்கும் கதையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. எத்தனையோ பிள்ளைகளின் மனச்சான்றை அது தொட்டிருக்கும்.

ஆயினும், முதிய பெற்றோரை யார், எங்கே, எவ்வாறு பேணுவது என்ற கேள்வி இன்று நம் குடும்பங்களை உண்மையாகவே வாட்டும் நிலையில், இக்கதை நமக்குப் போதுமானதா என்று கேட்டாக வேண்டும். ஊன்றிப் படித்தால் அதில் மூன்று குறைகள் தென்படும். முதலாவது, மகன் திருந்துவது அன்பினால் அன்று, அச்சத்தினால். நாளை தனக்கும் இக்கதி நேருமே என்பதுதான் அவன் கலக்கம். இரண்டாவது, முதியவர் கதை முழுவதிலும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. அவருக்கு எங்கே அமர்ந்து உண்ண விருப்பம் என்று அவரை எவரும் கேட்பதில்லை. மூன்றாவது, திருந்திய பிறகு என்ன நடந்தது என்பதைக் கதை சொல்வதில்லை. கை நடுக்கம் தீரவில்லை. சோறு இன்னும் சிந்தத்தான் செய்யும். நாள்தோறும் அதைத் துடைப்பவர் யார்? அநேகமாக அந்த மருமகள்தான். அவளுடைய களைப்பைப் பற்றிக் கதைக்கு அக்கறை இல்லை.

இம்மூன்று குறைகளும் இந்த ஒரு கதையோடு நிற்கவில்லை. முதுமையைப் பற்றிய நம் படைப்புகள் பலவற்றிலும் அவை படிந்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் முறையீடு.

வழக்குமன்றமாகிய கதைகள்

பி. மாதவன் இயக்கத்தில் 1970-இல் வந்த 'வியட்நாம் வீடு' திரைப்படத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பணி ஓய்வுக்குப் பின் சொந்த வீட்டிலேயே மதிப்பிழக்கும் தந்தையாகச் சிவாஜி கணேசன் வாழ்ந்து காட்டினார். கி. ராஜநாராயணனின் 'காய்ச்ச மரம்' சிறுகதையோ, இருந்ததைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்ட முதிய தம்பதியின் கதியைக் கரிசல் மண்ணின் வெக்கையோடு சொல்லும். பலன் தந்த காலத்தில் மரத்தைக் கொண்டாடியவர்கள், பின்னாளில் அதைத் திரும்பியும் பாரார் என்பது தலைப்பிலேயே அடங்கியிருக்கிறது. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனும் இவ்வினத்தைச் சேர்ந்தவனே. நாட்டை இரு மகள்களுக்குப் பகிர்ந்து கொடுத்து, மாதத்துக்கு ஒருவர் வீடு என முறைவைத்துத் தங்க எண்ணியவன், புயலில் வெட்டவெளியில் நிற்கிறான். இங்கிலாந்தின் அரண்மனைக்கும் கோவில்பட்டிக் கரிசலுக்கும் இடையே இவ்வளவு ஒற்றுமை இருப்பது வியப்புக்குரியது. முறைவைத்துச் சோறு போடும் வழக்கம் நம் தெருக்களிலும் இன்றளவும் உண்டு. மாதத்தின் முப்பத்தோராம் நாள் யாருடைய பொறுப்பு என்று வாய்ச்சண்டை நடக்கும் வீடுகளும் உண்டு.

இப்படைப்புகளின் வலிமையை மறுப்பதற்கில்லை. ஆனால் இவற்றைப் பின்பற்றி வந்த எண்ணற்ற கதைகளும் நாடகங்களும் தொலைக்காட்சித் தொடர்களும் ஒரு வழக்குமன்றத்தையே நிறுவிவிட்டன. குற்றவாளி யார் என்பதொன்றே அங்கே வழக்கு. மகன் கோழை, மருமகள் கொடியவள், பெற்றோர் மாசற்றோர் எனத் தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிடுகிறது. முதியோர் இல்லம் கடைசிக் காட்சியில் தண்டனையாக வருகிறது. இல்லத்து வாயிலில் வண்டி வந்து நிற்கிறது, தாய் திரும்பிப் பார்க்கிறாள், திரை விழுகிறது. உண்மையில் அத்தாயின் வாழ்க்கை அதற்குப் பின்னரும் ஐந்தாண்டோ பத்தாண்டோ தொடரும். அந்த ஆண்டுகளைப் பற்றி எழுத நம்மவர்க்குப் பொறுமை இல்லை.

இதனால் விளையும் தீங்கு சிறியதன்று. வீட்டில் வைத்திருந்தால் அன்பு, இல்லத்தில் சேர்த்தால் துரோகம் என்ற எளிய சூத்திரம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. அச்சூத்திரத்துக்கு அஞ்சி, பகலெல்லாம் பூட்டிய வீட்டுக்குள் தாயைத் தனியே விட்டுச் செல்கிறவர் நல்ல மகன் எனப் பெயர் பெறுகிறார். தக்க இடத்தில் சேர்த்துவிட்டு ஞாயிறுதோறும் சென்று தலைவாரிவிட்டு வருகிற மகளோ, ஊராரின் ஏச்சுக்கு ஆளாகிறாள்.

இந்த மரபிலிருந்து விலகிய முயற்சிகள் அண்மையில் தோன்றியிருப்பது ஆறுதல் தருகிறது. பிரியா கிருஷ்ணசுவாமி இயக்கிய 'பாரம்', 2018-ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. இடுப்பெலும்பு முறிந்த முதியவருக்கு அறுவைச் சிகிச்சையா, வீடா என்ற முடிவை மகன் எடுக்கிறான். அந்த முடிவு தலைக்கூத்தல் என்னும் கொடிய வழக்கத்தில் சென்று முடிகிறது. வீட்டுக்குக் கொண்டு செல்வதெல்லாம் அன்பாகிவிடாது என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது. மதுமிதா இயக்கி 2019-இல் வந்த 'கே.டி. (எ) கருப்புதுரை' படமோ, அதே வழக்கத்திலிருந்து தப்பியோடும் முதியவரைக் காட்டுகிறது. ஒரு சிறுவனின் துணையோடு அவர் தம் ஆசைகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக நிறைவேற்றிக்கொள்கிறார். பிரியாணிமேல் அவர் கொண்ட ஆசை நம்மைச் சிரிக்க வைக்கிறது. பிறகு வெட்கப்படவும் வைக்கிறது. மண்சட்டிக் கதையில் வாய் திறவாதிருந்த தாத்தா, இப்படத்தில்தான் தமக்கு என்ன வேண்டும் என்று பேசத் தொடங்குகிறார்.

வடசென்னையின் வீடுகள்

கேள்வியை நம் தெருக்களுக்குக் கொண்டு வருவோம். இராயபுரத்தின் பழைய சந்துகளிலும், காசிமேட்டின் மீனவர் குடியிருப்புகளிலும், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளின் தொழிலாளர் வீடுகளிலும் முதுமை எவ்வாறு இருக்கிறது? துறைமுகத்தில் மூட்டை சுமந்த தோள்களும், ஆலைகளில் மூன்று ஷிப்டுகளிலும் நின்று உழைத்த கால்களும், விடியுமுன் ஏலத்துக்குச் சென்று கூடை சுமந்து மீன் விற்ற பெண்களின் கழுத்தும் இப்போது ஓய்ந்திருக்கின்றன. வீடோ ஓர் அறையும் சமையற்கட்டுமாக இருக்கும். அல்லது மின்தூக்கி இல்லாத வாரியக் குடியிருப்பின் மூன்றாம் மாடியாக இருக்கும். மகன் ஒப்பந்தத் தொழிலாளி. மருமகளும் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். பக்கவாதத்தில் விழுந்த தந்தையைச் சிகிச்சைக்குக் கீழே இறக்க, நாற்காலியில் அமர்த்தி நான்கு பேர் தூக்க வேண்டும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு வெளியேறினர். படுத்த படுக்கையாயிருப்பவர் அத்தகைய இரவில் எப்படி ஓடுவார்? மழை வெள்ளம் வந்தாலும் இதே கேள்விதான். வடசென்னையில் ஒரு முதியவரைப் பேணும் இடத்தைத் தேர்வோர், கதாசிரியர்கள் நினைத்துப் பாராத இதையும் எண்ணியே ஆக வேண்டும்.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் இருவர் அல்லது ஒருவராகச் சுருங்கி, அவர்களும் வளைகுடாவுக்கோ பெங்களூருக்கோ சென்றுவிட்ட நிலையில், கூட்டுக் குடும்பத்தை நம்பி எழுதப்பட்ட அறவுரைகள் மட்டும் இத்தனை பேரைத் தாங்கமாட்டா.

விவிலியம் மறைக்காத களைப்பு

நம் மறையுரைகள் மண்சட்டிக் கதையை நாடுவதற்கு முன் விவிலியத்தை நாடியிருக்கலாம். அங்கே முதுமை இன்னும் நேர்மையாகப் பேசப்படுகிறது.

சீராக்கின் ஞான நூல் மூன்றாம் அதிகாரத்தில், தந்தையின் முதுமையில் அவருக்கு உதவுமாறு மகனைப் பணிக்கிறது. அத்துடன் நில்லாமல், அவரது அறிவாற்றல் குன்றிப்போகும் நிலையிலும் பொறுமை காட்டச் சொல்கிறது. மறதி நோய் என்று நாம் இன்று பெயரிட்டுச் சொல்லும் நிலையை அன்றே கண்டு எழுதிய வரி அது. பெற்ற மகளையே யாரென்று கேட்கும் தாயையும், மாலையானதும் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொந்த வீட்டிலிருந்தே வெளியேற முயலும் தந்தையையும் பேணுவோருக்கு, அன்போடு பயிற்சியும் வேண்டும். இந்நோய் சாபமோ மூப்பின் பிடிவாதமோ அன்று என்னும் அறிவு அந்தப் பயிற்சியின் தொடக்கம்.

தோபித்து நூல் இன்னும் ஆழமானது. பார்வையிழந்த தோபித்தைக் காப்பாற்ற அவர் மனைவி அன்னா கூலிக்கு நெய்கிறாள். ஒருநாள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியும் கிடைக்கிறது. அதைத் திருட்டுப் பொருள் என்று ஐயுறுகிறார் கணவர். பொறுமையிழந்த அன்னா, உம் அறச்செயல்கள் எங்கே போயின என்னும் பொருள்படச் சீறுகிறாள். நீதிமான் ஒருவரின் வீட்டிலேயே இந்தச் சண்டை நடக்கிறது. நோயாளியின் அவமான உணர்வையும், பேணுபவளின் அயர்வையும் விவிலியம் பூசி மெழுகாமல் எழுதி வைத்திருக்கிறது. நம் கதைகளில் இதே சொற்களை ஒரு மருமகள் சொல்லியிருந்தால், அவள் அக்கணமே கொடியவள் ஆகியிருப்பாள். விவிலியம் அன்னாவைத் தீயவள் என்னவில்லை. அவளையும் தோபித்தையும் ஒரே குடும்பமாகவே இறுதிவரை வைத்திருக்கிறது.

மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் இயேசு கண்டிப்பது மற்றொரு தந்திரத்தை. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது அது. திருவிழாத் தேருக்கும் கொடிமரத்துக்கும் தாராளமாக வழங்கிவிட்டுத் தாயின் மருந்துச் சீட்டை அண்ணன் தம்பிகளுக்குள் கைமாற்றிக்கொண்டிருப்போர் இப்பகுதியை நிதானமாக வாசிப்பது நன்று.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கல்வாரியை எண்ணுவோம். யோவான் நற்செய்தியின்படி, இறக்கும் தறுவாயில் இயேசு தம் தாயை ஒரு சீடரிடம் ஒப்படைக்கிறார். தாயிடமும் பேசுகிறார், சீடரிடமும் பேசுகிறார். இருவரில் எவருக்கும் தெரியாமல் முடிவு எடுக்கப்படவில்லை. ஒப்படைக்கப்பட்ட தாயோ, தாம் பெறாத பிள்ளையின் வீட்டுக்குச் செல்கிறார். பெற்ற வீட்டுக்கு வெளியே பேணப்படுவது அன்பின்மை என்று இதன் பிறகும் ஒரு கிறிஸ்தவர் சொல்ல முடியுமா? திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999 அக்டோபரில் முதியோருக்கு எழுதிய மடலில், முதியவர் குடும்பத்தோடு இருப்பதே சிறந்தது என்று கூறிய அதே மூச்சில், சூழ்நிலை கட்டாயப்படுத்தும்போது முதியோர் இல்லங்கள் போற்றத்தக்க பணி ஆற்றுகின்றன என்பதையும் ஏற்றுக்கொண்டார். நம் கதைகள் காட்டாத நிதானம் திருச்சபையின் ஆவணத்தில் இருக்கிறது.

சத்திரத்தின் வரலாறு

இல்லம் என்பது மேலைநாட்டிலிருந்து நேற்று வந்து குடியேறிய தீமை என்று கருதுவோர் இராயபுரத்தை அறியாதவர்கள். ஹைதர் அலியின் படையெடுப்பைத் தொடர்ந்து சென்னையைப் பஞ்சம் வாட்டியபோது, 1782-இல் இங்கே ஒரு கஞ்சித்தொட்டி தோன்றியது. ஊர் மணியக்காரரின் பெயரால் அது மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. வெள்ளையர் நாவில் 'மோனிகர் சவுல்ட்ரி' என்று திரிந்தது. பசித்து வந்தவர்களில் பலர் நோயாளிகளாகவும் இருந்தமையால், 1799-இல் அங்கே ஒரு மருத்துவமனையும் உருவாயிற்று. அதன் வழியில் வளர்ந்ததுதான் 1938-இல் மருத்துவக் கல்லூரியான ஸ்டான்லி. முதியவர்கள் இன்றும் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்வதுண்டு. சத்திரமோ ஆதரவற்ற முதியோரின் புகலிடமாக நிலைத்துவிட்டது. வடசென்னையின் மாபெரும் மருத்துவமனையும் முதியோர் இல்லமும் ஒரே கஞ்சிக் கொப்பரையிலிருந்து பிறந்தவை. நம் நாவலாசிரியர்கள் எவரேனும் இதை எழுதியிருக்கலாகாதா?

பிரான்சு நாட்டில் இதற்கு இணையான நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1839-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், செயின்ட் செர்வான் என்னும் கடற்கரை ஊரில், வீட்டுவேலை செய்து பிழைத்த ழான் ஜுகான் என்ற ஏழைப் பெண், பார்வையிழந்து உடலும் செயலிழந்த ஒரு கைம்பெண்ணைத் தம் இருப்பிடத்துக்குக் கொண்டு வந்து, தம் கட்டிலையே கொடுத்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அப்படித் தோன்றியது. 1882-இல் அவர்கள் கொல்கத்தாவுக்கும் வந்தனர். தாம் நிறுவிய சபையிலேயே நிறுவியவர் என்ற பெயர் மறைக்கப்பட்டு, நெடுங்காலம் ஒதுங்கி வாழ்ந்து, 1879-இல் இறந்த ழான் ஜுகானைத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-இல் புனிதராக உயர்த்தினார். இல்லத்தின் முதல் கட்டில், ஒருத்தி தனக்குரியதை விட்டுக்கொடுத்த கட்டில் என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். இன்று ஓர் இல்லத்தை மதிப்பிடுவதற்கும் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இவ்வாறு சொல்வதால் எல்லா இல்லங்களும் புனிதமானவை என்று பொருளில்லை. வணிகமாகவே நடத்தப்படுபவை உண்டு. அன்பளிப்பு கொண்டுவருவோர்முன் முதியவர்களை வரிசையாக அமர்த்திப் படமெடுப்பவையும் உண்டு. ஆகவேதான் தேர்வு தேவைப்படுகிறது. தேர்வு தேவைப்படும் இடத்தில் தீர்ப்பை மட்டுமே தந்தன நம் கதைகள்.

தேர்வோர் கேட்க வேண்டியவை

கதைகள் விட்டுச் சென்ற இடத்தை நாமே நிரப்புவோம். முதற்கேள்வி பெற்றவரிடம் கேட்கப்பட வேண்டும்: உங்களுக்கு எங்கே இருக்க விருப்பம்? எதை இழக்க உங்களால் இயலாது? ஒருவருக்குத் தம் சொந்தத் தெரு. மற்றொருவருக்கு நாள்தோறும் திருப்பலி. இன்னொருவருக்குத் தம் சமையல். இதைக் கேட்க வேண்டிய காலம், நினைவு தெளிவாக இருக்கும் காலம். இடுப்பு முறிந்து மருத்துவமனை வராந்தாவில் நிற்கும்போது கேட்டால் விடையும் அவசரமாகத்தான் வரும்.

அடுத்த கேள்வி, இரவு யாருடையது என்பது. படுக்கையிலிருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப்புண் வரும். வீட்டில் வைத்துக்கொள்வது என்று குடும்பம் முடிவு செய்தால், அந்த இரவுகள் ஒரே ஒருத்தியின் தலையில் விழாமல் பங்கிடப்பட வேண்டும். உடன் இருக்க இயலாத பிள்ளைகள் பணத்தால் பங்கு கொள்ளலாம். விடுமுறையில் வந்து இரண்டு வாரம் பொறுப்பேற்றுப் பேணுபவருக்கு ஓய்வு தரலாம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வரும் வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருந்தன. இத்தகைய உதவிகள் கிடைக்கும் வழியை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிப்பது பயன் தரும்.

இல்லத்தை நாடுவோர், முன்னறிவிப்பு இல்லாமல் ஒருமுறை சென்று பார்க்கட்டும். வரவேற்பறையின் அலங்காரத்தைவிடப் படுக்கை அறையின் வாடை அதிகம் சொல்லும். இரவில் எத்தனை பணியாளர் இருப்பார்கள்? நடமாட்டம் நின்றுபோனால் தொடர்ந்து வைத்துக்கொள்வார்களா, அழைத்துச் செல்லச் சொல்வார்களா? மருத்துவமனைக்கு யார் கூட்டிச் செல்வர்? முன்பணம் திரும்புமா? எந்த நேரத்திலும் சென்று பார்க்க இசைவார்களா? நற்கருணையும் நோயில்பூசுதலும் கிடைக்குமா? நம் வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் சென்று சேரும் தொலைவா? தொலைவிலுள்ள சிறந்த இல்லத்தைவிட, வாரம் இருமுறை நாம் எட்டிப் பார்க்கக்கூடிய நடுத்தரமான இல்லம் மேலாக அமைவதுண்டு. அடிக்கடி உறவினர் வந்து போகும் முதியவரைப் பணியாளர்களும் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள் என்பது மனித இயல்பு.

சொத்தைப் பற்றிய கேள்வியை லியர் மன்னனிடமிருந்தே கற்கலாம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பேணிக்காக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் பெற வழி செய்கிறது. நிபந்தனை எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பது குறித்து நீதிமன்றங்களில் கருத்து மாறுபாடு இருந்தது. உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பு ஒன்று, இச்சட்டத்தை முதியோருக்குச் சாதகமாக விரிந்த நோக்கில் பொருள்கொள்ள வேண்டும் என்றது. எப்படியாயினும், தானப் பத்திரத்திலேயே நிபந்தனையை எழுதிவைப்பது விவேகம். அச்சட்டப்படி வருவாய்க் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் முதியவரே நேரில் மனுக்கொடுத்து மாதப் பராமரிப்புத் தொகை கோரலாம். மாவட்டத்துக்கு ஓர் அரசு முதியோர் இல்லமேனும் அமைய வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் எண்ணமே. 'காய்ச்ச மரம்' எழுதப்பட்ட காலத்தில் அத்தம்பதிக்கு இத்தகைய கதவு ஏதும் திறந்திருக்கவில்லை.

பங்கின் பொறுப்பு

திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கான உலக நாளை ஏற்படுத்தி, ஆண்டுதோறும் ஜூலை நான்காம் ஞாயிறை அதற்கென ஒதுக்கினார். பல பங்குகளில் அந்நாளில் சால்வை போர்த்துகிறோம், மாலை அணிவிக்கிறோம். திங்கட்கிழமை என்ன செய்கிறோம் என்பதே கேள்வி. நம் அன்பியங்களில், படுக்கையிலிருப்போர் வீடுகளின் பட்டியல் இருக்கிறதா? வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையாரும் நோயாளிகளைச் சந்திக்கின்றனர், செபிக்கின்றனர். அச்சந்திப்போடு இரண்டு மணி நேரம் நோயாளி அருகில் தாமே அமர்ந்து, வீட்டுப் பெண்ணை ஞாயிறு திருப்பலிக்கோ, உறக்கத்துக்கோ அனுப்பிவைத்தால், அதுவும் ஒரு செபமாகவே கணக்கில் சேரும். பங்கு மண்டபம் வாரநாள்களில் பூட்டிக் கிடக்கும் இடங்களில், அதைப் பகல்நேர முதியோர் காப்பகமாக்குவதைப் பற்றிப் பங்குப் பேரவை பேசலாம். முதலிலிருந்தே வீடா இல்லமா என்ற இரண்டு வழிகள் மட்டும் இருப்பதாக எண்ணியதால்தான், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழிகளை நாம் அமைக்கவே இல்லை.

இராயபுரம் என்னும் பெயரே இராயப்பரிலிருந்து, அதாவது பேதுருவிலிருந்து, வந்தது என்பர். படகோட்டிச் சமூகத்தார் எழுப்பிய ஆலயமும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. திறவுகோல் ஏந்திய பேதுருவை நாம் நன்கறிவோம். ஆனால் யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், உயிர்த்த ஆண்டவர் அவரிடம் அவரது முதுமையைப் பற்றியும் பேசுகிறார். இளமையில் தாமே உடுத்தி விரும்பிய இடம் சென்றவர், முதிர்ந்தபின் கைகளை நீட்ட, மற்றொருவர் அவருக்கு உடுத்தி, விரும்பாத இடத்துக்குக் கூட்டிச் செல்வார் என்பது அதன் சாரம். அது அவரது இரத்தசாட்சியத்தைக் குறிப்பதாக நற்செய்தியாளரே விளக்குகிறார். என்றாலும் ஆடை மாற்றிவிடப் பிறர் கையை எதிர்பார்க்கும் ஒவ்வொரு முதியவரும் அச்சொற்களில் தம்மைக் காண்பார். விரும்பாத இடத்துக்குக் கொண்டு செல்லப்படுவதன் வேதனையை ஆண்டவர் அறிந்தே சொன்னார். அந்த உரையாடலோ, நீ என்னை அன்பு செய்கிறாயா என்று மும்முறை கேட்ட கேள்வியைத் தொடர்ந்து வருகிறது. உடுத்திவிடும் கை எதுவாயினும், அழைத்துச் செல்லும் இடம் எதுவாயினும், இந்தக் கேள்விக்கு அங்கே விடை இருக்க வேண்டும்.

மண்சட்டிக் கதையை நாம் கைவிட வேண்டியதில்லை. அடுத்த முறை அதைச் சொல்லும் மறைக்கல்வி ஆசிரியர், தாத்தாவுக்குப் பேச இரண்டு வரிகள் கொடுக்கட்டும். மருமகளுக்கு ஒருநாள் ஓய்வு கொடுக்கட்டும். சட்டியைக் கழுவி எடுத்து வைத்த சிறுவனிடம், இன்றிரவு தாத்தாவுக்குச் சோறு ஊட்டும் முறை உன்னுடையது என்றும் சொல்லட்டும்.